நொய்யல் ஓரமாக ஒரு சாய நோட்டு

வெள்ளி, கொடுமுடி

ஈரோட்டில் திருப்பூர் பஸ் ஏறினால் டிபன் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடலாம். நான் அதற்கு எதிர்ப்பக்கம் போகிற கரூர் ரயிலில் ஏறிக் கொடுமுடியில் இறங்கியிருக்கிறேன். தோள்பையில் மாற்றுத்துணி, கண்ணுக்கு விடுகிற சொட்டு மருந்து, மஞ்சப்பையில் சுற்றிய ஒரு நீளக் கணக்கு நோட்டு. அந்த நோட்டைத் திருப்பூரில் ஒருத்தரிடம் கொடுக்கத்தான் இந்தப் பயணம். நேராகப் போய்க் கொடுத்துவிட்டுத் திரும்ப மனசு வரவில்லை. நொய்யல் காவிரியில் விழுகிற இடத்தில் தொடங்கி, ஆற்றை எதிர்த்து மேலே போகலாம் என்று கிளம்பினேன். திருப்பூரில் அந்த ஆற்றங்கரையிலேயே இருந்தேன். அது கடைசியில் எங்கே போகிறது என்று ஒருநாளும் போய்ப் பார்த்ததில்லை.

1998-லிருந்து 2011 வரைக்கும் சாயப்பட்டறையில் டையிங் மாஸ்டராக இருந்தேன். அந்த வருடங்களில் போட்ட ஷேடெல்லாம் இந்த நோட்டில் இருக்கிறது. பக்கத்துக்குப் பக்கம் தபால்தலை அளவில் இரண்டு துணித் துண்டு: பார்ட்டி கொடுத்த சாம்பிள் ஒன்று, நான் போட்டது ஒன்று. கீழே லாட் எடை, தண்ணீர், சாயம் எத்தனை சதவீதம், உப்பு, சோடா, சூடு, நேரம். பெரும்பாலும் 60 டிகிரி, டர்க்காய்ஸ் என்றால் 80. ஓரத்தில் எனக்கு மட்டும் புரிகிற குறிப்புகள்: ‘சிவப்பு தூக்குது’, ‘காய்ஞ்சா ஒரு படி இறங்கும்’, ‘சோடாவ மெதுவா விடு’. பசை காய்ந்து தாளெல்லாம் நெளிந்துவிட்டது. நோட்டை மூடினாலும் வாய் பிளந்தபடிதான் இருக்கும்.

வேலை போனதும் ஈரோட்டுக்கு வந்து மஞ்சள் மண்டியில் சேர்ந்துவிட்டேன். நோட்டு அட்டாலியில் கிடந்தது. வீட்டில் எடுத்துப் போடச் சொன்னபோதெல்லாம் தட்டிக் கழித்தேன். அதிலிருக்கிற ரெசிபி இனி எதற்கும் ஆகாது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் நான் இன்னும் அந்த மாஸ்டர்தான், நாளைக்கே ஒரு மிஷின் முன்னால் நிறுத்தினால் ஷேடு பிடித்துக் கொடுப்பேன் என்று எனக்கே காட்டிக்கொள்ள அது தேவைப்பட்டது.

போன வருடம் கண்ணில் புரை எடுத்தார்கள். முதலில் வலது, சில வாரம் கழித்து இடது. இரண்டுக்கும் நடுவில் இருந்த வாரங்களில்தான் விஷயம் தெரிந்தது. இடக்கண்ணை மூடிக்கொண்டு பார்த்தால் கொடியில் தொங்குகிற வேட்டி பளீரென்று இருக்கிறது, நீலம் போட்டது கூடத் தெரிகிறது. வலக்கண்ணை மூடினால் அதே வேட்டி டீ சிந்தின மாதிரிப் பழுப்பு. வயதாக ஆகக் கண்ணுக்குள் இருக்கிற லென்ஸ் மஞ்சளடித்துப் போகும், நீலத்தைச் சரியாக உள்ளே விடாது, மெல்ல மெல்ல நடப்பதால் ஆளுக்குத் தெரியாது என்றார் டாக்டர்.

அன்றைக்கு ராத்திரியே ஸ்டூல் போட்டு ஏறி நோட்டை இறக்கினேன். கிரே ஷேடுகள் இருக்கிற பக்கமாகத் திருப்பி, ஒரு கண், மறு கண் என்று மாற்றி மாற்றிப் பார்த்தேன். 2003-ல் ‘ஓகே’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட ஒரு ஸ்டீல் கிரே. பழைய கண்ணில் பச்சை கலந்த அழுக்கு நிறம். புதுக் கண்ணில் நீலம் தூக்குகிறது. அன்றைக்கு அதைக் கதவோரம் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து ஓகே போட்டவன் கண்ட கலர் இந்த இரண்டும் இல்லை. சாயப்பட்டறையில் மாஸ்டருக்குச் சம்பளம் கொடுப்பதே கண்ணுக்குத்தான். அந்தக் கண் இப்போது என்னிடம் இல்லை. டாக்டர் எடுத்தது மட்டும் காரணம் என்று சொல்ல மாட்டேன், அதற்கு முன்னாலேயே கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருந்திருக்கிறது. அப்புறம் அந்த நோட்டை வைத்திருப்பது வேறொருத்தர் பொருளைப் பூட்டி வைத்திருப்பதாகவே பட்டது.

கொடுமுடியில் மகுடேஸ்வரரைக் கும்பிட்டுவிட்டுப் படித்துறைக்கு வந்தேன். தெற்கே ஓடிவருகிற காவிரி இங்கேதான் கிழக்கே திரும்புகிறது. பரிகாரம் செய்கிறவர்கள் முழுகி எழுந்து, உடுத்தியிருந்த துணியை ஆற்றோடு விட்டுக்கொண்டிருந்தார்கள். பூ விற்கிற அம்மா ஒருத்தர் என் கையிலிருந்த மஞ்சப்பையைப் பார்த்துவிட்டு, “பழசு ஏதாச்சுமா சாமி? ஆத்துல உட்டுட்டுப் போங்க, புடிச்சதெல்லாம் தொலைஞ்சு போகும்” என்றார்.

நல்ல மனசோடுதான் சொன்னார். ஆனால் இந்தத் தண்ணீரில் என் கையால் இனிச் சாயம் விழக்கூடாது, ஒரு துண்டுத் துணியின் சாயமாக இருந்தாலும் சரி. பையைத் தோளில் இன்னும் இறுக்கி மாட்டிக்கொண்டேன்.

சாயங்காலம் பஸ் பிடித்து நொய்யல் ஊருக்குப் போனேன். ஆற்றின் பெயரே ஊருக்கும். வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோவை, சூலூர், திருப்பூர் எல்லாம் தாண்டி, 150 கிலோமீட்டருக்கு மேல் ஓடிவந்த ஆறு இங்கே முடிகிறது. மணலுக்கும் கோரைக்கும் நடுவில் மெலிசாக ஒரு ஓட்டம். குனிந்து இரண்டு கையிலும் அள்ளிப் பார்த்தேன். கொஞ்சம் கலங்கல், அவ்வளவுதான். ஷேடு என்று பெயர் வைக்கும்படி ஒன்றும் இல்லை. அதுவே எனக்குப் போதுமானதாக இருந்தது.

சனி, ஒரத்துப்பாளையம்

மாமா ஊருக்கு வந்திருக்கிறேன். ஒரத்துப்பாளையம் அணையிலிருந்து நடந்தே வந்துவிடலாம். அணை 1992-ல் திறந்தது. நொய்யல் தண்ணீரைத் தேக்கிக் கீழே இருக்கிற காட்டுக்கெல்லாம் பாய்ச்சத்தான் கட்டினார்கள். திருப்பூர்ச் சாயத்தண்ணீர் வந்து தேங்கியது. தண்ணீரைத் தேக்காதீர்கள் என்று விவசாயிகளே கேட்க வேண்டிவந்த அணை இது. வேறெங்கும் இப்படி நான் கேள்விப்பட்டதில்லை.

அத்தை அரிசிம்பருப்புச் சோறு ஆக்கி, தாராளமாக நெய் ஊற்றினார். சாப்பிட்டு முடித்துத் திண்ணைக்கு வந்ததும் மாமா, “அதென்ன மாப்ள, மடியிலயே வெச்சுட்டுச் சுத்தறீங்க?” என்று கேட்டார். எடுத்துக் கொடுத்தேன்.

விரலை எச்சில் தொட்டு ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். முதலில் துணிகளைத்தான் பார்த்தார். ஒரு கிளிப்பச்சையில் விரல் நின்றது. “இது நல்லாருக்குதுங் மாப்ள. நாத்து நட்டு ஒரு மாசத்துல நெல்லு இப்புடித்தான் இருக்கும்.” அடுத்த பக்கத்தில் நிமிர்ந்தார். “இதுல உப்பு எங்க எழுதியிருக்குதுங்?”

காட்டினேன். நோட்டு முழுக்க ஒரே இடத்தில்தான் எழுதுவேன், இடமிருந்து மூன்றாவது கட்டம். மாமா அந்தக் கட்டத்தை மட்டும் மேலிருந்து கீழே, பக்கம் பக்கமாக, வாய்விட்டுப் படித்துக்கொண்டே போனார். “நாப்பது. அறுவது. அறுவது. எம்பது. எம்பது. இதென்னுங்க எல்லாம்? கிலோவா?”

லிட்டருக்கு இத்தனை கிராம் என்றேன். பருத்தித் துணியில் ரியாக்டிவ் சாயம் ஏற உப்பு வேண்டும். உப்புதான் சாயத்தைத் தண்ணீரிலிருந்து துணிப்பக்கம் தள்ளிவிடும். அப்புறம் சோடா விட்டால் சாயம் நூலைப் பிடித்துக்கொள்ளும். கருப்பு, நேவி மாதிரி அடர்த்தியான ஷேடுக்கு லிட்டருக்கு 80 கிராம் போகும். மாமா திண்ணைத் தரையில் சுண்ணாம்பால் கணக்குப் போட்டார், நான் சொல்லச் சொல்ல. ஒரு லாட் 250 கிலோ துணி. கிலோவுக்கு 8 லிட்டர் தண்ணீர் என்றால் 2000 லிட்டர். லிட்டருக்கு 80 கிராம். 160 கிலோ உப்பு. மூன்று மூட்டைக்கு மேலே.

“இதுல துணில எவ்வளவு நிக்கும்?”

“உப்பு நிக்காதுங் மாமா. சாயம் ஏறுனதும் உப்போட வேல முடிஞ்சுது. எல்லாம் கழுவுன தண்ணியோட போயிரும்.”

மாமா சுண்ணாம்பைத் துடைத்துவிட்டுக் கிணற்றடிக்குக் கூட்டிப் போனார். சோப்பை எடுத்துக் கையில் தேய்த்துக் காட்டினார். எவ்வளவு தேய்த்தும் நுரை எழும்பவில்லை, வெள்ளையாகத் திரிந்து விரலிடுக்கில் ஒட்டியது. “முன்னைக்கு இப்ப தேவலை. தென்னை புதுக் குருத்து உடுது. ஆனா இன்னும் தண்ணி தண்ணியா இல்லீங்.” குரலில் கோபமே இல்லை. வெயில், மழை பற்றிப் பேசுகிற அதே குரல்தான். நானும் சமாதானம் சொல்ல வாயெடுக்கவில்லை. நோட்டை விரித்து வைத்துக்கொண்டு இரண்டு பேரும் ஒரே கணக்கைப் பார்த்ததே எனக்குப் பெரிதாக இருந்தது. சாயத்தை நான் நேசித்தேன், இன்றைக்கும் நேசிக்கிறேன். அந்தக் கிளிப்பச்சையைப் போடுகிற அன்றைக்கு ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை, விடிகாலையில் துணி காய்ந்து ஷேடு நின்றபோது ஹெல்பர் பையன்களைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். அந்தப் பச்சையும் இந்தக் கிணறும் ஒரே பக்கத்தில்தான் எழுதியிருக்கிறது. ஒன்றைக் கிழித்து மற்றதை வைத்துக்கொள்ள முடியாது.

நொய்யல் ஆயக்கட்டு விவசாயிகள் போட்ட வழக்கில்தான் எல்லாம் மாறியது. கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியே போகக்கூடாது என்று 2006-ல் உயர்நீதிமன்றம் சொன்னது. 2011 ஜனவரி 28-ல் பட்டறைகளை மூடச் சொல்லிவிட்டது. மாமா கடைசிப் பக்கத்துக்கு வந்தபோது அதைத்தான் கேட்டார்: “இதுல எழுதியிருக்கீங்க, துணியக் காணமே?” பிஸ்தா பச்சைக்கு எழுதின ரெசிபி அது. பார்ட்டி சாம்பிள் மட்டும் ஒட்டியிருக்கிறது. பக்கத்துக் கட்டம் காலி. லாட் ஓடவே இல்லை.

வெயில் தாழ்ந்ததும் கொடுமணலுக்குப் போனோம். பக்கத்துலேயே, நொய்யலின் வடகரையில் இருக்கிறது. பார்க்கிறவர்களுக்கு வெறும் சோளக்காடு. தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் 1985-ல் இங்கே அகழாய்வு தொடங்கியது. இரும்பு உருக்கிய இடம், கல்மணி செய்த பட்டறை, தமிழ் பிராமியில் ஆள் பெயர் கீறிய பானை ஓடுகள் எல்லாம் கிடைத்தன. பதிற்றுப்பத்தில் வருகிற கொடுமணம் இதுதான் என்கிறார்கள். பச்சைக்கல்லும் படிகமும் சூதுபவளமும் இங்கே அறுத்து, துளையிட்டு, மெருகேற்றியிருக்கிறார்கள். பாதி வேலையில் விட்ட மணிகளும் கிடைத்திருக்கின்றன. சூதுபவளத்தின் சிவப்பு அடர்த்தியாக வேண்டுமென்றால் கல்லை நெருப்பில் பக்குவமாகச் சூடேற்றுவார்கள். எவ்வளவு நேரம், எவ்வளவு சூடு என்று சொல்ல யாரோ ஒருத்தர் கண் இருந்திருக்கும். இதே ஆற்றங்கரையில், இரண்டாயிரம் வருடத்துக்கு முன்னால், போதும் எடு என்று ஒருத்தர் சொல்லியிருப்பார். எனக்கு அந்த ஆளைத் தெரியும் என்று தோன்றியது. வரப்பில் வெகுநேரம் நின்றுவிட்டேன். மாமாதான், “பனி எறங்குது, கண்ணு ஆபரேசன் பண்ணுன ஆளு” என்று இழுத்துக்கொண்டு வந்தார்.

ஞாயிறு, சென்னிமலை

மலைக்குப் படியேறவில்லை. 1320 படி, முட்டி விடாது. தேவஸ்தான பஸ்ஸில் போய்த் தண்டாயுதபாணியைப் பார்த்துவிட்டு இறங்கினேன்.

சந்துக்குள் போனால் வீட்டுக்கு வீடு தறிச் சத்தம். ஒரு கல்யாணத்துக்குக் கொடுக்க வேண்டுமே என்று பெட்ஷீட் எடுக்கக் கடைக்குள் நுழைந்தேன். அரக்கில் ஒன்று, பாட்டில் பச்சையில் ஒன்று. கடைக்காரரிடம், “வெளிய கொண்டாந்து வெயில்ல பாத்துக்கறனுங்க” என்று கேட்டேன். டியூப்லைட் வெளிச்சத்தில் ஒரே கலராக நிற்கிற இரண்டு துணி வெயிலில் வேறு வேறாகப் பிரிந்துவிடும். எந்தெந்தச் சாயம் கலந்து அந்தக் கலர் வந்தது என்பதைப் பொறுத்தது அது. அவர் ஒரு மாதிரிப் பார்த்தார், ஆனால் எடுத்துக்கொண்டு வந்தார். நூலுக்குப் போட்டது கெட்டிச் சாயம், இரண்டும் வெயிலில் அசையாமல் நின்றன.

கண் போனாலும் பழக்கம் போகவில்லை. பெட்ஷீட்டைப் பார்சல் கட்டி மாமா வீட்டிலேயே வைத்துவிட்டேன். வேறு ஒன்றும் இன்றைக்கு எழுதுவதற்கில்லை.

திங்கள், திருப்பூர்

ஊத்துக்குளி வழியாக வருகிற பஸ். பாலத்தில் நொய்யலைத் தாண்டும்போது எட்டிப் பார்த்தேன். சாக்கடைத் தண்ணீர் கருப்பாக ஓடியது. ஊர்ச் சாக்கடையின் கருப்பு வேறு, எங்கள் கருப்பு வேறு. எங்கள் கருப்புக்கு ஓரத்தில் ஊதா தெரியும்.

நோட்டை வாங்கிக்கொள்கிற தம்பி என்னிடம் கலர் எடை போடுகிற ஹெல்பராகச் சேர்ந்தபோது மீசை முளைக்காத வயசு. இப்போது வேறொரு டையிங்கில் லேப் முழுக்க அவன் பொறுப்பு. கேட்டிலேயே நின்று, “வாங்க மாஸ்டர்” என்றான். அந்த வார்த்தையை யாரும் சொல்லி ரொம்ப வருடம் ஆகிறது. தொண்டையை அடைத்தது.

முதலில் தண்ணீர் போகிற வழியைக் காட்டச் சொன்னேன். கழிவுநீரைக் குழாயில் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்கு அனுப்புகிறார்கள். அங்கே வடிகட்டி, ஆர்.ஓ. போட்டு, நல்ல தண்ணீர் பட்டறைக்கே திரும்பி வருகிறது. மிச்சமாகிற உப்புத் தண்ணீரையும் வீணாக்காமல் மறுபடி சாயம் போட எடுத்துக்கொள்கிறார்கள். அதற்கும் மிஞ்சுவதைக் காய்ச்சினால் கடைசியில் கலவை உப்பு நிற்கும். அதை எங்கேயும் கொட்ட முடியாமல் ஷெட்டில் மூட்டை மூட்டையாக அடுக்கி வைத்திருக்கிறார்கள் என்றான். செலவும் கரண்டும் நிறைய. ஆனாலும் உப்பு மூட்டையில் இருக்கிறது, மாமா கிணற்றில் இல்லை. மாமாவை ஒரு தடவை கூட்டிக்கொண்டு வந்து காட்ட வேண்டும்.

லேப் ஏசி ரூம். என் காலத்தில் கதவோரமும் காலை வெளிச்சமும்தான். இங்கே லைட் பாக்ஸ், அதற்குள் பகல் வெளிச்சம் ஒரு பட்டன், கடை வெளிச்சம் ஒரு பட்டன். கலரை அளக்கிற மிஷின் துணியைப் பார்த்து நம்பர் சொல்கிறது. வித்தியாசம் ஒன்றுக்குள் இருந்தால் பாஸ். இரண்டு பெண் பிள்ளைகள் பிப்பெட்டில் சாயம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நகமெல்லாம் சுத்தமாக இருந்தது. எங்கள் நகம் தீபாவளிக்குக் கூட வெளுக்காது.

நோட்டை மேஜையில் வைத்தேன். வைத்த கையை உடனே எடுக்க முடியவில்லை. அவன் பார்த்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பி டீ சொன்னான். நல்ல பிள்ளை.

“இந்த ரெசிபியெல்லாம் உனக்கு ஆகுமா தம்பி?”

“ஆகாதுங் மாஸ்டர். இப்ப கிலோவுக்கு அஞ்சு லிட்டர் தண்ணில ஓட்டறோம். இதுல இருக்கற சாயம் பல கம்பெனி நிறுத்தியே போட்டாங்க. எனக்கு வேணுங்கறது துணி. வெளிச்சமே படாம இத்தன வருசம் மூடியே கெடந்துருக்குது, என்னென்ன சாயம்னு எழுதியும் இருக்குது. எது நின்னுருக்குது, எது எறங்கிருக்குதுன்னு படிச்சுப் பாத்தா, இந்தப் புள்ளைங்களுக்குச் சொல்லித் தரலாமுங். வேற எங்க தேடுனாலும் கெடைக்காதுங்.”

நான் நினைத்து வந்தது வேறு. ஓரத்துக் குறிப்புகளைத்தான் கேட்பான், என் கையெழுத்தைத்தான் வைத்துக்கொள்வான் என்று இருந்தேன். துணிதான் அவனுக்கு வேண்டும். யோசித்தால் அதுதான் சரி. குறிப்புகள் என்னைப் பற்றியவை, துணி சாயத்தைப் பற்றியது.

கடைசிப் பக்கத்தைப் பார்த்தான். “இத ஒருக்கா போட்டு ஒட்டிரலாமுங்களா?” என்றான். “உன் நோட்டு. உன் இஷ்டம்” என்றேன். சொன்ன பிறகுதான் கொடுத்துவிட்டேன் என்பது உறைத்தது.

ஒரே ஒரு பக்கம் மட்டும் நான் கேட்டேன். 2003 ஸ்டீல் கிரே. பனியன் துணி மெலிசு, தாளில் ஒட்டியிருந்தால் கோடு தெரியும், மிஷின் தப்பாகப் படிக்கும் என்றான். பார்ட்டி சாம்பிளின் மூலையில் நகத்தை நுழைத்து, கிழியாமல் பதமாக உரித்தான். பின்னால் பசை பழுப்பாகத் தெரிந்தது, தாளில் சதுரமாகத் தழும்பு. அப்புறம் நான் போட்ட துண்டை உரித்தான். இரண்டையும் மடித்து, ஒன்றன்பின் ஒன்றாக மிஷின் வாயில் வைத்தான்.

“ஒண்ணு பாயிண்ட் மூணுங் மாஸ்டர்.”

“அப்ப பெயில்?”

“அப்படிச் சொல்ல முடியாதுங். ரெண்டும் வேற வேற சாயம். ரெண்டுக்கும் ஒரே மாதிரி வயசாகியிருக்காது. அன்னைக்கு ரெண்டும் ஒண்ணாக் கூட இருந்துருக்கும். அன்னைக்கு என்ன இருந்துதுன்னு இனி மிஷினுக்கும் தெரியாது, யாருக்கும் தெரியாதுங்.”

டீ வந்தது. குடித்தேன். அவன் இரண்டு துண்டையும் தனித்தனிக் கவரில் போட்டு, தேதியும் பக்க எண்ணும் எழுதினான். அந்தப் பிள்ளைகளைக் கூப்பிட்டுப் பக்கத்தில் நிற்க வைத்துக்கொண்டு, அடுத்த பக்கத்தை உரிக்க ஆரம்பித்தான். கிளிப்பச்சை. நான் பையை எடுத்துக்கொண்டு ஈரோடு பஸ்ஸுக்குக் கிளம்பினேன்.